சீனி வருத்தக்காரனை ஏச ஒஸ்லோ போனது

ஊர் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவனை ஏசுவதற்கென்றே விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போனவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒஸ்லோவில் இருக்கிற என் தம்பி பாலனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அந்த வருஷச் சித்திரையில்தான் கண்டுபிடித்தார்கள். அவன் மனுசி வதனி கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கிற எனக்கு ரெலிபோன் எடுத்து அழுதாள். "மச்சாள், டொக்டர் சொல்லுறதுக்கெல்லாம் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, வீட்டை வந்து தன்ரை எண்ணத்துக்குத்தான் நடக்கிறார். நான் சொன்னால் கேக்கிறாரில்லை. நீங்கள் ஒருக்கா வந்து ஏசிவிடுங்கோ. உங்களுக்கு மட்டும்தான் பயம்."

எனக்கு ஏசத் தெரியும் என்பது ஊரறிந்த விஷயம். தபால் கந்தோர்க் கவுண்டருக்குப் பின்னால் இருந்தே காலத்தைக் கழித்துப் பென்சன் எடுத்தவள் நான். வரிசை குழப்புகிறவர்களை ஏசி ஏசித் தொண்டை பழகிப்போனது. கலியாணம் செய்யவில்லை, ஆகையால் வீட்டில் ஏசுவதற்கு ஆளும் இல்லை. பாலனோ என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா வேளைக்கே போய்விட்டதால் அவனைக் குளிக்க வார்த்து, தலை இழுத்து, அடித்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான்தான்.

அவன் அங்கே பஸ் ஓட்டுகிறான். எனக்குப் பயம் பிடித்தது அந்த இடத்தில்தான். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று டொக்டர் சொன்னால்தான் தொடர்ந்து ஓட்டலாம். இல்லையென்றால் சாரதி ஆசனத்தை விட்டு இறங்கவேண்டியதுதான். "பஸ்ஸை விட்டால் இந்த மனுசனுக்கு வேறை என்ன தெரியும் மச்சாள்" என்றாள் வதனி.

அந்தக் காலத்தில் கொழும்பில் நோர்வே என்றால் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். எங்கள் சண்டைக்குச் சமாதானம் பேச வந்த நாடு அல்லவா. நான் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு மனுசன், "அங்கை போய் அவையளிட்டைக் கேளுங்கோ, இஞ்சை என்னதான் நடக்கப்போகுது எண்டு" என்றார். நான் என் தம்பியின் சீனியைக் கேட்கப் போகிறேன், நாட்டு விஷயத்தை நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மாதம் போய் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரைக்கும் நான் கண்டது மரமும் பனிப்புகாரும், மரமும் புகாரும்தான். கார் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு சத்தமில்லாத றோட்டு. மூன்று மணிக்கே சூரியன் களைத்துப்போய் மரங்களுக்குப் பின்னால் சரிந்துவிட்டது. பாலன் ஓட்டிக்கொண்டே, "அக்கா நித்திரை கொள்ளுங்கோ" என்றான். நித்திரைதான் கொள்ளுகிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வீடு ஒன்பதாம் மாடியில். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் நீளமான ஒரு பள்ளத்தாக்கு, அதன் இரண்டு சரிவிலும் பெரிய பெரிய மாடிக் கட்டடங்கள், அதற்குள் உலகத்துச் சனமெல்லாம். விடிய எழும்பி ஜன்னலால் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் புகார் நிரம்பிக் கிடந்தது. பால் வார்த்துவிட்ட மாதிரி. அதற்குள் வெளிச்சம் போட்ட மெட்ரோ ரெயில் ஒன்று மெல்லப் போய் மறைந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறும்வரைக்கும் அப்படியே நின்றேன். அந்த ஊரில் எனக்குப் பாதி நாள் அப்படித்தான் போனது.

காலைச் சாப்பாட்டுக்கு வதனி வைத்தது தவிடும் விதையும் தெரிகிற ஒரு கறுத்தப் பாண். கையில் எடுத்தால் செங்கல் பாரம். அதற்கு மேல் மண்ணிறத்தில் ஒரு சீஸ், சீவலாகச் சீவி. வாயில் வைத்தால் பாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்பு. எனக்குப் பிடித்துப்போய்விட்டது, பாலனுக்குத் தடை. அவன் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் அவனுக்குச் சிவப்பரிசிச் சோறு ஒரு சின்னக் கோப்பையால் அளந்து வந்தது. மீனும் கீரையும் வேண்டியமட்டும். "இது சோறோ, சோற்றின்ரை படமோ" என்றான். அதுதான் சந்தர்ப்பம் என்று நான் ஏசத் தொடங்கினேன். அவன் தலையைக் குனிந்து, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றான். வதனி சொன்னதும் அந்த ஓமைத்தான்.

அவர்கள் சீனி அளக்கிற கணக்கு எனக்கு முதலில் பிடிபடவில்லை. பாலன் விரலில் குத்தி, குட்டி மெசினில் பார்த்து, "ஒன்பது" என்றான். கொழும்பில் என் சிநேகிதிமார் நூற்றி எண்பது, இருநூறு என்றுதான் சொல்லுவார்கள். ஒன்பதுதானே, பிறகென்ன என்று நினைத்துவிட்டேன். இரண்டும் ஒன்றையே வேறு அளவில் சொல்லுகிறது என்று வதனி விளங்கப்படுத்தின பிறகுதான் அவனுக்கு மிச்ச ஏச்சு விழுந்தது.

வந்த கிழமையே அவனோடு ஒரு நடைக்குப் போனேன். அந்தப் பகுதிச் சுகாதார நிலையத்தில் சீனி வருத்தக்காரருக்கென்று ஒரு தாதி இருந்தா. இங்கர் என்று பெயர். நரைத்த தலை, சிவத்த மழைச்சட்டை, கால் நிலத்தில் பாவாத நடை. கிழமைக்கு ஒருநாள் தன்னிடம் வருகிற ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பா. வருத்தம் வந்தவர்களும் வருவார்கள், வரப்போகிறது என்று எச்சரித்து விடப்பட்டவர்களும் வருவார்கள். லாகூரில் இருந்து வந்த ஒரு பழைய டாக்சிக்காரர், இரண்டு சோமாலிப் பெண்கள், கையைக் கோத்துக்கொண்டு நடக்கிற ஒரு நோர்வேக் கிழச் சோடி, பாலன், பிறகு வேடிக்கை பார்க்க நான்.

காட்டுக்குள் ஒரு சின்னக் குளம். ஓரமெல்லாம் கண்ணாடித்தாள் மாதிரி ஐஸ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. சப்பாத்துக்குக் கீழே இலை நெரிகிற சத்தம் மட்டும். எனக்கு வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் நடக்கிறவர்களின் நினைவு வந்தது. அங்கேயும் டொக்டர் சொல்லித்தான் நடக்கிறார்கள். ஆனால் முடிவில் கடலை வண்டிலும் வடை வண்டிலும் நிற்கும். இங்கே நடை முடிவில் இங்கர் ஆளுக்கொரு கரட் துண்டு தந்தா.

எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் மருந்து சும்மாதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விடியமுன் போய் நம்பர் எடுக்கவேண்டும். மத்தியானம் உள்ளே போனால் டொக்டர் நிமிர்ந்து பார்க்கமுதலே துண்டு எழுதி முடிந்துவிடும், பாவம், வெளியே அவருக்கு அத்தனை சனம். இங்கே இந்த மனுசி, ஆட்களோடு சேர்ந்து குளத்தைச் சுற்றிக்கொண்டு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு வருகிறா. அப்படி ஒரு வேலை இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

இங்கர் லாகூர்க்காரரோடு கனநேரம் கதைத்தா. என்ன கேட்கிறா என்று பாலனைக் கேட்டேன். "அவைக்கு இப்ப நோன்புதானே அக்கா. பகலிலை சாப்பாடில்லை. மருந்துக் குளுசையை எப்பிடி மாத்தினது, தலை சுத்துதோ எண்டு கேக்கிறா" என்றான்.

அடுத்த நாள் கந்தசஷ்டி தொடக்கம். எங்கள் பக்கத்தில் அது எப்படியென்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். ஆறு நாள் விரதம். முதல் ஐந்து நாளும் மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடு, தாங்காதவர்கள் பாலோ பழமோ எடுக்கலாம். ஆறாம் நாள் சூரன் போர் அன்றைக்கு ஒன்றுமில்லை, பச்சைத்தண்ணிகூட இல்லை. அடுத்த நாள் விடியத்தான் விரதம் முடிக்கிற பாறணை. அதை ஆறு வருஷம் விடாமல் பிடித்தால்தான் நேர்த்திக்கடன் நிறைவேறியது என்று கணக்கு. பாலன் ஐந்து வருஷம் பிடித்துவிட்டான், இது ஆறாவது என்று வதனி சொல்லியிருந்தாள். எனக்கும் முருகனுக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் இல்லை. வாழ்நாளில் ஒரு விரதமும் பிடித்தவளில்லை. ஆனால் எனக்கே அந்த இடத்தில் பொறி தட்டியது.

"நீ இங்கருக்குச் சொன்னனியோ, நாளைக்கு விரதம் எண்டு?"

"என்னத்துக்கு?"

"லாகூர்க்காரர் சொல்லியிருக்கிறார்தானே."

"அது அவை கேட்டவை, அவர் சொன்னவர். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. இது சாமி விஷயம் அக்கா, உவைக்கு என்னத்துக்கு. அஞ்சு வருஷம் பிடிச்சனான், ஒண்டும் நடக்கேல்லை."

அந்த ஐந்து வருஷமும் அவனுக்குச் சீனி வருத்தம் இல்லை, குளுசையும் இல்லை. அதை நான் சொன்னேன். ஓம் அக்கா என்றான்.

எங்கள் ஆட்களின் புத்தி இதுதான். டொக்டரிடம் வருத்தத்தை மட்டும் சொல்லுவோம். சாமி அறைக்குள் செய்வதைச் சொல்லமாட்டோம். டொக்டர் குளுசை தந்தால் அதையும் தவறாமல் போடுவோம், விரதம் வந்தால் அதையும் தவறாமல் பிடிப்போம். இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தான் போகிறது என்ற யோசனை இல்லை.

விரதத்தின் முதல் நாள் அவன் ஓட்டுகிற பஸ்ஸில் நானும் ஏறினேன். தம்பி ஓட்டுகிற பஸ்ஸில் ஒருநாளாவது போகவேண்டும் என்று எனக்கு ஆசை. முன் சீட்டில் இருந்தேன். நீலச் சட்டையும் தொப்பியுமாக அவனைப் பார்க்க வடிவாக இருந்தது. வெளியே புகார் இன்னும் எழும்பவில்லை. பஸ் அதற்குள் நீந்துகிற மாதிரிப் போனது. தரிப்பிடத்தில் புகாருக்குள்ளிருந்து ஒவ்வொருவராகத் தோன்றி ஏறினார்கள், இன்னொரு தரிப்பிடத்தில் இறங்கிப் புகாருக்குள் போனார்கள். சூடு இதமாக இருந்தது. எனக்குக் கண் சொக்கியது.

என் பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பொட்டு வைத்திருந்தாள். சென்னைப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். "நீங்க ஸ்ரீலங்காவா? உங்க தமிழ் ரொம்ப அழகா இருக்கு. ஆனா பாதி புரியல" என்றாள். உன்னுடையதில் பாதி இங்கிலீஷ், அதனால் எனக்கு முழுக்க விளங்குகிறது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்படிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது பஸ் ஒரு தரிப்பிடத்தில் நின்றது. கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பிறகு பஸ் எடுபடவில்லை. கதவு திறந்தபடியே கிடந்தது. குளிர் உள்ளே வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொழும்பு பஸ் என்றால் அதற்குள் பத்துப் பேர் எழும்பி, பாதிப் பேர் சாரதியாகவும் மிச்சப் பேர் டொக்டராகவும் மாறியிருப்பார்கள். இந்தச் சனம் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது.

நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். பாலனின் நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "என்னடா?" என்றேன். என்னைப் பார்த்து, "அம்மா வந்திட்டாவோ?" என்றான்.

அம்மா செத்து எத்தனையோ வருஷம். பின்னால் வந்த சென்னைப் பிள்ளை ஒரு பார்வை பார்த்தாள். "இவருக்கு ஷுகர் இருக்கா? மாத்திரை போடுறாரா? இது லோ ஷுகருங்க. எங்கப்பாவுக்கு இப்படி வரும். சாப்பிட்டாரா?" என்றாள். விடியக் குளுசை போட்டவன், சாப்பிடவில்லை. அவள் பையிலிருந்து வாழைப்பழத்தையும் ஒரு பெட்டித் தோடம்பழச் சாற்றையும் எடுத்தாள். அவன் வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினான். தன் பெயர் தெரியாத நிலையிலும் விரதம் மட்டும் தெரிகிறது.

"பழம்தானடா, விரதத்துக்கு ஆகும். முருகனே பழத்துக்காகச் சண்டை பிடிச்சவர்" என்று சொல்லி வாழைப்பழத்தை வாய்க்குள் திணித்தேன். சாற்றையும் பருக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் திரும்பி வந்தது. கொம்பனிக்கு அறிவித்தான். வேறு சாரதி வந்து பஸ்ஸை எடுத்துப்போனார். நாங்கள் இருவரும் அந்தத் தரிப்பிட வாங்கில் இருந்தோம். "சனத்தை ஏத்திக்கொண்டு அக்கா" என்றான். "அவ்வளவு சனத்தை ஏத்திக்கொண்டு." நான் அன்றைக்கு ஏசவில்லை.

அடுத்த நாள் வதனியும் நானும் அவனோடு சுகாதார நிலையத்துக்குப் போனோம். டொக்டர் பார்த்து, இனித் தான் சொல்லும்வரைக்கும் பஸ் இல்லை என்று சொல்லி, வேலைக்குக் கொடுக்க வருத்த லீவுத் துண்டு தந்துவிட்டார். சம்பளம் வெட்டமாட்டார்களாம். பிறகு இங்கரின் அறை. மேசையில் மெழுகுதிரி ஒன்று எரிந்தது, பகலில். இருட்டுக் காலத்தில் அவர்கள் அப்படி வைப்பார்களாம். ஜன்னலுக்கு வெளியே அந்த வருஷத்து முதல் பனி விழத் தொடங்கியது.

இங்கர் எனக்காகக் கொஞ்சம் இங்கிலீஷிலும் கதைத்தா. விரதம் என்ற கதையைக் கேட்டதும் பேனையை வைத்துவிட்டா. "நோன்பைப் பற்றி முஸ்லிம்களிடம் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன். உங்களிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது என் பிழை" என்றா. தாதி ஒருவர் தன் பிழை என்று சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். வேறு என்னென்ன விரதம் உண்டு என்று என்னிடம் கேட்டா. வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, ஏகாதசி, பிரதோஷம், நவராத்திரி, சிவராத்திரி, புரட்டாதிச் சனி என்று நான் அடுக்க அடுக்க, "அப்படியென்றால் நீங்கள் எப்போதுதான் சாப்பிடுகிறீர்கள்?" என்றா. மிச்ச நாளெல்லாம் சேர்த்துச் சாப்பிடுவோம், அதனால்தான் உங்களிடம் வருகிறோம் என்றேன்.

கூடப்பிறந்தவருக்கு இருந்தால் எனக்கும் வரலாம் என்று என் விரலிலும் குத்திப் பார்த்தா. எனக்கு ஒன்றுமில்லை. பாலன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பிறகு அவனிடம் திரும்பி நோர்வே மொழியில் ஏதோ கேட்டா. இந்த வருஷம் மட்டும் விடமுடியாதா, ஏன் இதைப் பிடிக்கிறாய் என்று கேட்டாவாம், வதனி பிறகு சொன்னாள். பாலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நோர்வே மொழியிலேயே மெல்லப் பதில் சொன்னான். நாலைந்து வசனம்தான். இங்கர் திரும்பி என்னைப் பார்த்தா. வதனி சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "என்ன சொல்லுறான்?" என்று கேட்டேன். "அதை அவர்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும்" என்றா இங்கர்.

கடைசியில் இங்கர் டொக்டரோடு கதைத்து ஒரு வழிக்கு வந்தா. குளுசையைக் குறைப்பது, மத்தியானச் சாப்பாட்டோடு மட்டும் போடுவது, இரவில் பாலும் பழமும், அடிக்கடி விரலில் குத்திப் பார்ப்பது. ஆறாம் நாள் தனக்குச் சம்மதமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னா. "ஆனால் நான் தடுத்தால் ஒளித்துப் பிடிப்பார். எனக்குச் சொல்லிவிட்டுப் பிடிப்பது மேல்" என்றா. அன்றைக்குக் குளுசை இல்லை. என்றாலும் சீனி நாலுக்குக் கீழே போனால், வாதாட்டம் இல்லாமல் சாறு குடிக்கவேண்டும். பாலன் ஓம் என்றான். வழக்கமான ஓம் இல்லை, கையைக் கொடுத்துச் சொன்ன ஓம்.

வெளி விறாந்தையில் அவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வதனியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் சொன்னாள்.

ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு மார்பில் கட்டி வந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் நடந்தது. கீறி, கரண்டு பிடித்து, மருந்து ஏற்றி, தலைமயிரெல்லாம் கொட்டி, பிழைத்து வந்தேன். அப்போது பாலனால் வர முடியவில்லை, இங்கே விசா விஷயம் முடியாமல் இருந்தது. ரெலிபோனில் மட்டும் கதைப்பான், அழுவான், அழாதேயடா என்று ஏசுவேன். அந்த வருஷம்தான் நேர்த்தி வைத்தானாம். அக்கா உயிரோடு இருந்தால் ஆறு வருஷம் சஷ்டி பிடிக்கிறேன் என்று.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆர் கேட்டது உன்னை என்று கத்தவேண்டும் போல இருந்தது. பிறகு அதுவும் ஆறிவிட்டது. ஏச வந்தவளுக்கு ஏசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மிச்ச நாட்கள் ஒரு மயக்கத்தில் போனது போலிருக்கிறது. வேலை இல்லாததால் பாலன் வீட்டில் இருந்தான். பனி விழுந்து விழுந்து பள்ளத்தாக்கு வெள்ளையாகிவிட்டது. பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குளத்தைச் சுற்றி மெல்ல நடந்தோம். நாலரை மணிக்கு நீல வெளிச்சம் ஒன்று வரும், பனியும் மரமும் அவன் முகமும் எல்லாம் ஒரே நீலம். சின்னப் பிள்ளையில் கையைப் பிடித்து நடந்த மாதிரியே என் கையைப் பிடித்துக்கொண்டான். வழுக்கும் என்பதற்காக என்றான்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "நான் பிழைச்சு எத்தினையோ காலம். இனியென்னத்துக்கு?"

"கடைசி வருஷம் அக்கா. கடைசி வருஷத்திலை விட்டிட்டு, பேந்து உங்களுக்கு ஏதும் எண்டால் நான் என்ன செய்யிறது?"

இப்படிப் பயந்தவனிடம் சீனியைப் பற்றிக் கதைத்து என்ன பிரயோசனம்.

சூரன் போர் அன்று பின்னேரம் கோயிலுக்குப் போனோம். வெளியே இருந்து பார்த்தால் களஞ்சியக் கட்டடம் மாதிரி இருக்கும், உள்ளே போனால் கற்பூரமும் மேளமும் யாழ்ப்பாணமும். வாசலில் நூற்றுக்கணக்கில் பனிச் சப்பாத்துகள் உருகிக்கொண்டு கிடந்தன. பக்கத்து நகரமான திராமனில் இருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. சூரனைச் சுமக்கிற பெடியள் குளிர்ச்சட்டைக்கு மேலே வேட்டியை வரிந்து கட்டியிருந்தார்கள். கார் நிற்பாட்டுகிற வளவில், பனியைத் தள்ளி ஒதுக்கிவிட்ட இடத்தில்தான் போர்.

தலை மாறி மாறி யானைத் தலையும் சிங்கத் தலையுமாகச் சூரன் ஆடி வந்தான். முருகன் எதிரே வந்தார். சனத்தின் வாயிலிருந்து ஆவி எழும்பியது, அரோகரா சொல்லச் சொல்ல இன்னும் எழும்பியது. மேளமும் வெளிச்சமும் பனியும் கலந்து எனக்கு எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. பாலன் பக்கத்தில் கைகூப்பி நின்றான். திரும்பிப் பார்த்தால் அவன் மேலுதட்டில் வேர்வை.

அவனைப் பிடித்து மண்டபத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினேன். "குத்திப் பார்" என்றேன். குத்தினான். மூன்றரை. வதனி கைப்பையிலிருந்து சாற்றுப் பெட்டியை எடுத்து, குழாயைக் குத்தி அவன் கையில் கொடுத்தாள்.

அவன் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு இருந்தான். அறிவு தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். "ஒரு இரவுதான் அக்கா. விடியப் பாறணை. இந்த ஒரு இரவு."

"இங்கருக்குக் கை குடுத்தனி."

"தெரியும்."

"அப்ப குடி."

அவன் கண்ணால் தண்ணி ஓடியது. "உங்களுக்கு ஏதும் நடந்தால்?" என்றான். நாற்பத்தைந்து வயது மனுசன், ஒரு பஸ் நிறையச் சனத்தை ஏற்றி இறக்குகிறவன், தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெளியே மேளம் உச்சத்துக்குப் போனது.

நான் நிலத்தில் அவனுக்கு முன்னால் இருந்தேன். எனக்கு முழங்கால் மடங்காது, என்றாலும் இருந்தேன்.

"தம்பி, இந்த விரதம் ஆருக்காகப் பிடிச்சனி?"

"உங்களுக்காக."

"அப்ப எனக்கும் இதிலை பங்கு இருக்கு. மிச்சத்தை நான் பிடிக்கிறன். விடியுமட்டும் ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை, பாறணைக்கு நானே வாறன். எனக்குச் சீனி இல்லை எண்டு உன்ரை இங்கரே பார்த்துச் சொன்னவ. முருகன் கேட்டால் அக்காட்டைக் குடுத்திட்டன் எண்டு சொல்லு. நீ குடி."

பகிடி விடுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தான். பிறகு குழாயை வாயில் வைத்து, பெட்டி சுருங்கும்வரைக்கும் உறிஞ்சினான்.

எனக்கு அந்த நேரமே பசிக்கத் தொடங்கிவிட்டது.